ஓஹையோவின் அந்த இரண்டு வரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஓஹையோ மாநில அரசியலமைப்பில் இரண்டு வரிகளாக இருக்கும் தன்பாலினத் திருமணத் தடையை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கொலம்பஸில் பல வருடமாக இருக்கிறேன். போன ஆண்டுதான் குடியுரிமை கிடைத்தது. எனக்கு யார்மேலும் வெறுப்பில்லை. என் அலுவலகத்திலேயே கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒரு குழந்தையும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறார்கள். தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று 2015லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. செத்த பாம்பை ஏன் அடிக்க வேண்டும்? மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்ததை எடுக்கச் சொல்வது ஜனநாயகமா? கல்யாணம் காலங்காலமாக ஒரே வடிவில் இருப்பது, அதில் அரசு கை வைக்கலாமா?

ரா., கொலம்பஸ்

அன்புள்ள ரா.,

பாம்பு சாகவில்லை, அதுதான் பிரச்சினையே. உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டால் ஒரு சட்டம் ஏட்டிலிருந்து அழிந்துபோவதில்லை. அமலுக்கு வராமல் அங்கேயே கிடக்கும். தீர்ப்பு மாறினால் திரும்ப வரும். 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973 தீர்ப்பு ரத்தானதும், விஸ்கான்சினில் 1849ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு உயிர் வந்துவிட்டது என்ற பயத்திலேயே மாநிலம் முழுக்கக் கருக்கலைப்பு ஓராண்டுக்கு மேல் நின்றுபோனது. அதே வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதினார். அந்தத் தீர்ப்பு 5க்கு 4 என்ற கணக்கில் வந்தது. 2025 நவம்பரில் அதை மாற்றக் கோரிய மனு ஒன்றை நீதிமன்றம் ஏற்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒருவரின் குடும்பம் அடுத்த மனு வரைக்கும் மட்டும் பத்திரம் என்றால் அது என்ன பத்திரம்?

சரி, 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டதே என்பீர்கள். நல்ல சட்டம். ஆனால் ஒரு மாநிலத்தில் நடந்த கல்யாணத்தை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. உங்கள் மாநிலம் திருமண உரிமம் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தீர்ப்பு போய்விட்டால் ஓஹையோக்காரர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வர வேண்டியதுதான்.

அப்படிப் போனவர்கள் உண்டு. சின்சினாட்டியில் ஜான் ஆர்தரும் ஜிம் ஓபர்கஃபெலும் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து படுத்த படுக்கையாகிவிட்டார். சொந்த மாநிலத்தில் மணம் முடிக்க வழியில்லை. 2013 ஜூலையில், வேண்டியவர்கள் பணம் போட, ஒரு மருத்துவ விமானம் பிடித்து மேரிலாந்துக்குப் பறந்தார்கள். பால்டிமோர் அருகே விமான நிலையத்தில் நின்ற அந்தச் சின்ன விமானத்துக்குள்ளேயே சில நிமிடங்களில் கல்யாணம் முடிந்தது. அப்படியே ஊர் திரும்பினார்கள்.

அப்புறம் ஒரு வழக்கறிஞர் அவர்களிடம் இறப்புச் சான்றிதழின் வெற்றுப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆர்தர் இறந்தால் திருமண நிலை என்ற கட்டத்தில் மணமாகாதவர் என்று எழுதுவார்கள். துணைவர் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்துக்காகத்தான் வழக்கு. முதல் நீதிபதி அவர்கள் பக்கம் நின்றார். அக்டோபரில் ஆர்தர் இறந்தார். மாநில அரசு விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போய் 2014 நவம்பரில் ஜெயித்தும் விட்டது. 2015 ஜூன் 26இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் செத்தவரின் சான்றிதழில் கணவர் பெயரை நிலைக்க வைத்தது. மாநில அரசை அவ்வளவு தூரம் போக வைத்தது நீங்கள் செத்துவிட்டதாகச் சொல்லும் இதே வரிகள்தான்.

வாக்குப் பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். 2004 நவம்பர் 2 அன்று ஏறக்குறைய 62 சதவீத ஆதரவோடு இந்தத் தடை அரசியலமைப்புத் திருத்தமாக நிறைவேறியது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே சாதாரணச் சட்டமாகத் தடை வந்துவிட்டது. பிறகு எதற்கு அரசியலமைப்பில்? நாளைக்குச் சட்டமன்றத்துக்கு மனம் மாறினாலும் கை வைக்கக் கூடாது என்பதற்காக. பிப்ரவரிச் சட்டத்தில் கையெழுத்திட்ட குடியரசுக் கட்சி ஆளுநர் பாப் டாஃப்டே இந்தத் திருத்தத்தை எதிர்த்தார். அதே கட்சியின் இரண்டு செனட்டர்களும் எதிர்த்தார்கள். அவர்களைப் பயமுறுத்தியது இரண்டாவது வரி. மணமாகாதவர்களின் உறவுக்குத் திருமணத்தை ஒத்த எந்தச் சட்ட அந்தஸ்தும் கூடாது என்கிறது அது. பயந்தது போலவே ஆயிற்று. கல்யாணம் ஆகாமல் கூட வாழ்ந்த பெண்ணை அடித்ததாகக் கைதான ஆண்கள், குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, அவள் என் மனைவி இல்லையே என்று இந்த வரியைக் காட்டினார்கள். சில நீதிமன்றங்கள் ஏற்கவும் செய்தன. 2007இல் ஓஹையோ உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தும்வரை இந்தக் கொடுமை நடந்தது. வாக்களித்த 62 சதவீதத்தில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

எடுக்கச் சொல்வதும் வாக்கெடுப்பு வழியாகத்தான். நெவாடாவில் 2002இல் மூன்றில் இரண்டு பங்கினர் தடையை வைத்தார்கள், 2020இல் 62 சதவீதம் பேர் எடுத்தார்கள். 2024இல் கலிஃபோர்னியாவும் கொலராடோவும் எடுத்தன.

காலங்காலமாக ஒரே வடிவம் என்பதைத் தமிழர் ஒருவர் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஐயரும் அக்கினியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் செல்லாது என்றது. 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் கொண்டுவந்து, ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அரசு கை வைத்ததால்தான் அந்தத் தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகள் ஆனார்கள்.

உங்கள் அலுவலகத் தோழிகள் நன்றாக இருக்கிறார்கள் என்பதில் எனக்கும் சந்தோஷம். அந்த அளவுக்குப் பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், குழந்தையைப் பெறாத தாய் அதை நீதிமன்றத்தில் தத்தெடுத்திருக்கிறாரா என்று. பிறப்புச் சான்றிதழில் இரண்டு பேர் பெயர் இருந்தாலும் தத்து உத்தரவு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி அங்கே வழக்கறிஞர்கள் அறிவுறுத்துகிறார்கள். நாளைக்குச் சட்டம் மாறினாலும் நீதிமன்ற உத்தரவை எல்லா மாநிலமும் மதித்தாக வேண்டும் என்பதால். சொந்தப் பிள்ளைக்கு வழக்கறிஞர் கட்டணம், விசாரணை எல்லாம். உங்களிடம் இப்போது வாக்கு இருக்கிறது. அந்த வரிகளை நீக்கலாமா என்ற கேள்வி வாக்குச்சீட்டில் வரும் அன்று நீக்கச் சொல்லி வாக்களியுங்கள் என்று உங்களை நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்.