லேசரால் அழுத்தம் அளப்பது: கேள்வி பதில்

மயிலாடுதுறையில் பிரஷர் கேஜ் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளும் பதில்களும்:

கும்பகோணம்: லேசர் எப்படி சார் அழுத்தத்தை அளக்கும்? ஒளி தள்ளுகிற விசையா?

அது இல்லை. எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவில் வாயு. வெற்றிடத்தைவிட வாயுவில் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகும். மூலக்கூறுகள் நெருங்க நெருங்கத் தாமதம் கூடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் நைட்ரஜனில் அது பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட வராது. ஆனால் அதற்கே கண்ணாடிகளுக்கு நடுவே ஒத்திசையும் லேசரின் அதிர்வெண் நகர்ந்துவிடும். அதை மிகத் துல்லியமாக எண்ணிவிடலாம். அதிலிருந்து மூலக்கூறு அடர்த்தி கிடைக்கும். அதை வெப்பநிலையாலும் போல்ட்ஸ்மன் மாறிலியாலும் (வெப்பநிலையை மூலக்கூறுகளின் ஆற்றலோடு இணைக்கும் எண்) பெருக்கினால் அழுத்தம். மாறிலியின் மதிப்பை 2019-ல் நிலையாக நிர்ணயித்துவிட்டார்கள். வெப்பநிலைதான் ஆளைக் கவிழ்க்கும்: ஒரு டிகிரி பிசகினால் விடையில் 300-ல் ஒரு பங்கு போச்சு.

நாகப்பட்டினம்: பாதரசம் இருக்கும்போது இது எதற்கு?

அமெரிக்காவின் தேசிய அளவியல் கூடத்தில் பாதரச மானோமீட்டர் (பாதரசம் ஏறும் உயரத்தை வைத்து அழுத்தம் அளக்கும் கருவி) 3 மீட்டர் உயரம், பாதரசம் மட்டும் 250 கிலோ. அத்தனையும் விஷம். வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஜன்னலைத் திறங்கள்.

மன்னார்குடி: போனில் ஆப் போட்டு லேசரால் அளக்கலாமா?

முடியாது.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: மிக உயர் வெற்றிடத்துக்கும் இதேதானா ஐயா?

இல்லை அம்மா, அங்கே ஒளியைத் தாமதிக்க மூலக்கூறு போதாது. லேசரால் குளிரவைத்த லித்தியம் அணுக்களைப் பொறியில் பிடித்துவைத்து, மிச்ச வாயு மோதி எவ்வளவு வேகமாக அவை வெளியேறுகின்றன என்று பார்ப்பார்கள்.

திருவாரூர்: வெற்றிடம் உறிஞ்சும்தானே? எங்கள் மோட்டார் 40 அடியிலிருந்து இழுக்கிறது.

வெற்றிடம் எதையும் இழுக்காது. வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. முழு வெற்றிடமே இருந்தாலும் 34 அடிக்கு மேல் ஏறாது, நடைமுறையில் 25 அடி தாண்டினாலே திணறும்.

திருவாரூர், மறுபடியும்: கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன் சார்!

மோட்டார் எங்கே இருக்கிறது? குழி தோண்டி 15 அடி கீழே இறக்கி வைத்திருப்பீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து மோட்டார் வரை அளந்து பாருங்கள்.

பாபநாசம்: குழி எதற்கு? புட்வால்வு நன்றாக இருந்தால் 40 அடியும் வரும்.

வராது. புட்வால்வு ஏறிய தண்ணீரை இறங்காமல் பிடிக்கும், ஏற்றாது. சப்மெர்சிபிள் கீழேயிருந்து தள்ளும், அது வேறு கதை.

வலங்கைமான்: போனில் லேசர் ஆப்...

மன்னார்குடிக்குச் சொன்னதுதான்.

பேரளம்: லேசர் முறைக்கு ஹீலியம் ஏன்?

ஹீலியத்தின் ஒளிவிலகலை, அதாவது அதில் ஒளி எவ்வளவு தாமதமாகும் என்பதை, கோட்பாட்டிலிருந்தே மிகத் துல்லியமாகக் கணக்கிடலாம். வேறொரு அழுத்தமானியை வைத்துச் சரிபார்க்கத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்.