தண்ணி மோட்டார் சாவி யார்கிட்ட இருக்கு? காலேஜ் தோட்டம் கேள்வி-பதில்

காலேஜ் தொறந்த உடனே இந்த மாதிரி கேள்விங்க வர ஆரம்பிச்சிரும், இந்த தடவை கொஞ்சம் ஜாஸ்தி. முடிஞ்ச வரைக்கும் சொல்லிருக்கேன்.

எங்க என்.எஸ்.எஸ் யூனிட்ல 40 பேர் சேர்ந்து கால் ஏக்கர்ல காய்கறி தோட்டம் போடப்போறோம், பிரின்சிபல் ஓகே சொல்லிட்டாரு. என்ன போடலாம் சார்?

கால் ஏக்கர் வேணாம் தம்பி. கால் ஏக்கர்னா 25 சென்ட், பத்தாயிரம் சதுர அடிக்கு மேல வருது, முதல் நாள் 40 பேர் செல்ஃபி எடுப்பீங்க, ரெண்டாவது மாசம் களையெடுக்க ஆறு பேர் வந்தா பெரிய விஷயம். பத்தடி நீளம் மூணடி அகலத்துல நாலு மேட்டுப்பாத்தி போடுங்க போதும். மூணடிக்கு மேல அகலம் வேணாம், ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டணும், பாத்திக்குள்ள கால் வச்சா மண்ணு இறுகிடும்.

உங்க செமஸ்டரும் ஆடிப்பட்டமும் ஒண்ணா வருது, அது ஒரு அதிர்ஷ்டம்தான். ஒரு பாத்தி முழுக்க கீரை விதைங்க, 25 நாள்ல கைக்கு வந்துரும், பசங்க ஓடிப்போகாம இருக்க அது ஒண்ணுதான் வழி. சிறுகீரை பிடுங்கினா முடிஞ்சுது, அரைக்கீரைன்னா கிள்ள கிள்ள தழைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் வெண்டை, கொத்தவரை, ரெண்டும் 45, 50 நாள்ல காய்க்க ஆரம்பிக்கும். கத்தரி தக்காளிலாம் நாத்து விட்டு நட்டு காய் வர்றதுக்குள்ள உங்களுக்கு எக்ஸாம் வந்துரும், முதல் வருஷம் ரெண்டுலயும் நாலு நாலு செடியோட நிறுத்திக்கோங்க.

இன்னொண்ணு, என்.எஸ்.எஸ்ல வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்கு காட்டணும்ல, அதை ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி நேரம்னு வைக்காம தினமும் அரை மணி நேரம்னு பிரிச்சுக்கோங்க. செடிக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியாது.

போன வருஷம் லீவுல மொத்தமும் காஞ்சு போச்சு. இந்த தடவை சொட்டுநீர் போட்டா சரியாயிடுமா?

சொட்டுநீர் நல்லதுதான், ஆனா உங்க பிரச்சனை அதுவான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. நான் முன்னாடி பாத்துக்கிட்ட ஒரு காலேஜ்ல சொட்டுநீர் எல்லாம் பக்காவா போட்டிருந்தோம், டேங்க் நிறைய தண்ணி, தீபாவளி லீவு முடிஞ்சு வந்து பாத்தா 60 கத்தரி செடி கருவாடு மாதிரி கிடக்கு. என்னன்னு கேட்டா மோட்டார் ரூம் சாவி சூப்பர்வைசர்கிட்ட, அவர் ஊருக்கு போயிட்டாரு, அவ்வளவுதான் கதை. அதனால இப்பல்லாம் எந்த காலேஜ் கூப்பிட்டாலும் விதை, உரம் எதையும் பேசுறதுக்கு முன்னாடி சாவி யார்கிட்ட இருக்கு, அவர் லீவு போட்டா யார்கிட்ட இருக்கும்னுதான் கேக்குறேன், சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

கேம்பஸ்ல காண்ட்ராக்ட்ல வேலை பாக்குற தோட்டக்கார அண்ணன், அக்காங்க இருப்பாங்கல்ல, நாலு வருஷம் படிச்சிட்டு போற பசங்க அவங்க பேரு கூட கேக்குறதில்ல. முதல்ல அவங்ககிட்ட பேசுங்க. எந்த மூலைல தண்ணி தேங்கும், எந்த பைப்ல காத்து மட்டும்தான் வரும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. முதல் கீரைக்கட்டு அவங்க வீட்டுக்கு போகட்டும். ஆனா அதுக்காக உங்க வேலையை அவங்க தலைல கட்டாதீங்க, அவங்களுக்கு புல்தரையே ஏகப்பட்டது கிடக்கு. லீவு டியூட்டிக்கு டே ஸ்காலர் பசங்க, ஊருக்கு போகாத பிஹெச்டி ஸ்காலருங்க, இவங்க பேரை போட்டு ஒரு சார்ட் ஒட்டுங்க.

ஏப்ரல், மே மட்டும் மல்லுக்கட்டாதீங்க. மார்ச் ஆரம்பத்துலயே தக்கைப்பூண்டோ சணப்பையோ, ரெண்டும் மண்ணுக்கு உரமாகுற பசுந்தாள் செடி, விதைச்சு விட்டு 45 நாள்ல பூ எடுக்கிறப்போ மடக்கி மண்ணுக்குள்ள போட்டு, மேல அரையடி உயரத்துக்கு சருகு மூடாக்கு போட்டுட்டு ஊருக்கு போங்க. ஜூன்ல வந்து தோண்டி பாருங்க, மண்ணு எப்படி மாறிருக்குன்னு.

ஹாஸ்டல் மெஸ் வேஸ்ட்ல கம்போஸ்ட் போட்டோம், நாத்தம் தாங்கலன்னு வார்டன் மேடம் மூடச்சொல்றாங்க.

மேடம் சொல்றது நியாயம்தான் மா. சாம்பார் சாதத்தை கொட்டிருப்பீங்க. உப்பும் எண்ணெயும் இருக்கிற சமைச்ச சாப்பாடு எதுவும் உள்ள போகக்கூடாது, எலி வரும், ஈ வரும். சமைக்கிறதுக்கு முன்னாடி நறுக்கி போடுற தோல், காம்பு, கீரைத்தண்டு மட்டும் தனி பக்கெட்ல வாங்குங்க. ஒரு பக்கெட் ஈரக்கழிவுக்கு மூணு பக்கெட் காஞ்ச சருகு. நாத்தம் வருதுன்னாலே ஈரம் ஜாஸ்தி, காத்து இல்லன்னு அர்த்தம். ஒரு கைப்பிடி எடுத்து பிழிங்க, ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகினா இன்னும் சருகு போட்டு கிளறி விடுங்க, வாரம் ஒருதடவை கிளறினா மூணு மாசத்துல உரம் ரெடி. சருகுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, தினமும் காலைல கூட்டி ஒரு மூலைல கொளுத்துறாங்களே அதேதான்.

ஆர்.ஓ மெஷின்ல வெளிய போற தண்ணியை தோட்டத்துக்கு விடலாமா?

வேணாம். ஃபில்டர் பண்ணின உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு. தரை கழுவ, டாய்லெட்டுக்கு விடுங்க. கை கழுவுற தண்ணின்னா கல்வாழை, வாழை நட்டு அது வழியா விடலாம், கீரைக்கு நேரா விடாதீங்க.

புது இலையெல்லாம் மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறல.

புது பில்டிங் பக்கத்துல பாத்தி போட்டிருக்கீங்களா? சிமெண்ட், சுண்ணாம்பு, உடைஞ்ச செங்கல் எல்லாம் கலந்த மண்ணா இருக்கும், அந்த காரத்தன்மைல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, இதுக்கு யூரியா என்ன பண்ணும் பாவம். அஞ்சாறு இடத்துல அரையடி ஆழத்துக்கு எடுத்து கலந்து அரை கிலோ மண்ணு வேளாண்மைத்துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க. அது வர்ற வரைக்கும் இடிபாடு இல்லாத செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டுக்கோங்க.

பப்பாளி, செம்பருத்தி எல்லாத்துலயும் வெள்ளையா மாவுப்பூச்சி. ஸ்ட்ராங்கா ஏதாவது மருந்து?

மொதல்ல ஓஸ்ல வேகமா தண்ணி அடிங்க, பாதி கொட்டிரும். எறும்பு ஏறுதான்னு பாருங்க, அதுதான் இதை சுமந்துட்டு போய் வளக்கும். அப்புறம் 10 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயந்திரமா அடிங்க. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்போ விவசாயிங்க அடிக்காத மருந்தில்ல, கடைசில 2010ல புவேர்ட்டோ ரிக்கோல இருந்து கொண்டுவந்த கண்ணுக்கு சரியா தெரியாத ஒரு குட்டி குளவிதான் அதை அடக்குச்சு. ஸ்ட்ராங் மருந்து அடிச்சா அந்த குளவியும் சேர்ந்து சாகும்.

மயில் தொல்லை. குரங்கும் வருது.

மயிலுக்கு பழைய புடவையை சுத்தி கட்டுங்க, ஓரளவு கேக்கும். குரங்குக்கு என்கிட்ட மருந்தில்ல, சென்னை ஐஐடி மாதிரி காட்டை ஒட்டின கேம்பஸ்ல அது வீடு, நீங்கதான் விருந்தாளி. மஞ்சள், இஞ்சி, மிளகாய் போடுங்க, அதிகமா தொடாது.

பாம்பு இருக்குமோன்னு வீட்ல விட மாட்டேங்கிறாங்க.

இருக்கும், பொய் சொல்லல. கண்ணாடி விரியன் சருகுக்குள்ள அசையாம கிடக்கும். ஷூ போடாம இறங்காதீங்க, சருகுல கை விடுறதுக்கு முன்னாடி குச்சியால கிளறுங்க, இருட்டினதுக்கு அப்புறம் வேலை வேணாம். பாம்பை பாத்தா அடிக்காம வனத்துறைக்கு சொல்லுங்க. கடிச்சிட்டா கட்டு போடுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேணாம், கடிச்ச இடத்தை அசைக்காம 108ல நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரி.

நான் பி.காம். செடி பத்தி ஒண்ணுமே தெரியாது. சேரலாமா?

காலைல ஆறரைக்கு எந்திரிப்பீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.