ஈயம் பட்டும் கரையாத டி.என்.ஏ. ஜெல்

கேள்வி: பெங்களூருவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, டி.என்.ஏ.சைம் (ஈயம் இருந்தால் நொதிபோல் வெட்டும் டி.என்.ஏ.) இழையையும் அது வெட்டும் சப்ஸ்ட்ரேட் இழையையும் பாலிஅக்ரிலமைடில் கோத்து ஜெல் செய்தேன். ஈயம் பட்டதும் ஜெல் கரைந்து, உள்ளிருக்கும் தங்க நானோ துகள்கள் வெளியேறித் தண்ணீர் சிவக்க வேண்டும். 10 பி.பி.பி. (நூறு கோடியில் பத்துப் பங்கு) ஈயம் சேர்த்து ஒரு மணி நேரமாகியும் சிவக்கவில்லை. எங்கே கோளாறு?

பதில்: இழைகளை எதில் கரைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். டி.என்.ஏ.வைச் சேமிக்கப் பயன்படும் டி.ஈ. பஃபர் என்றால், அதில் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ.தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அளவு 1 மில்லிமோலார். பத்து மடங்கு நீர்த்தாலும் ஜெல்லில் 100 மைக்ரோமோலார் நிற்கும். நீங்கள் சேர்த்த 10 பி.பி.பி., இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு வைத்திருக்கும் அதே வரம்பு, சுமார் 48 நானோமோலார்தான். அத்தனையையும் ஈ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் பஃபரும் வேண்டாம், ஈயம் படிந்துவிடும். நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீரில் கரைத்து, பி.எச். 7.2 ஹெப்பீஸ் பஃபரில் 50 மில்லிமோலார் உப்போடு ஜெல் செய்யுங்கள். தங்கத் துகள்களுக்குத் தயால்-பெக் (கந்தக முனையால் தங்கத்தில் ஒட்டும் பாலிமர்) பூச்சு இல்லையென்றால் அந்த உப்பிலேயே அவை திரண்டு ஊதாவாகிவிடும்.

நைட்ரிக் அமிலம் விட்டுப் பாதுகாத்த மாதிரியை அப்படியே ஊற்றாதீர்கள், பி.எச்.சை 7க்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்தும் கரையவில்லையென்றால் இழை வடிவமைப்பைப் பாருங்கள். இது பலர் கவனிக்காத இடம். சப்ஸ்ட்ரேட் வெட்டுப்பட்டதுமே ஜெல் பிரிந்துவிடாது. பாலிமரில் கோத்த பாதி, டி.என்.ஏ.சைமை விட்டுக் கழன்றால்தான் பிரியும். அந்தப் பக்கத்துக் கை, அதாவது டி.என்.ஏ.சைமோடு இணைந்திருக்கும் பகுதி, நீளமாக இருந்தால் வெட்டிய பிறகும் ஒட்டிக்கொண்டே நிற்கும். அதை மட்டும் ஓரிரு பேஸ் (டி.என்.ஏ. வரிசையின் ஓர் எழுத்து) குறைத்துப் பாருங்கள். அதிகம் குறைத்தால் ஈயமே இல்லாமல் ஜெல் இளகும். டிசம்பர் காலையில் ஆய்வக மேசையில் வைத்ததையும் ஏப்ரல் மதியத்தில் வைத்ததையும் ஒப்பிட முடியாது, 25 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். ஈயம் இங்கே செலவாவதில்லை, ஒரே அயனி ஒன்றன்பின் ஒன்றாகப் பல இழைகளை வெட்ட உதவும். அதனால் 10 பி.பி.பி. அளவில் ஒரு மணி நேரம் போதாமல் போகலாம். தங்கத் துகள்கள் ஒளியை உறிஞ்சும் 520 நானோமீட்டரில் அரை மணிக்கொரு முறை அளந்து வாருங்கள்.

8-17 வகை டி.என்.ஏ.சைம் துத்தநாகத்துக்கும் வேலை செய்யும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் வரும் போர்வெல் தண்ணீரில் அது கலந்திருக்கலாம் என்பதால் ஈயத்தையே பெரிதும் நாடும் ஜி.ஆர்.-5 டி.என்.ஏ.சைம் நல்லது. சப்ஸ்ட்ரேட்டில் வெட்டுப்படும் ஆர்.என்.ஏ. அடினினுக்குப் பதில் டி.என்.ஏ. அடினின் வைத்து இன்னொரு ஜெல்லும் செய்யுங்கள். அதை டி.என்.ஏ.சைம் வெட்டாது; அதுவும் சிவந்தால் வெட்டு நடக்கவில்லை, ஜெல் வெறுமனே கசிகிறது.