ஆபரேஷன் தியேட்டரில் சுவரோரம் நிற்கும் மாணவி ஸ்க்ரப் வாய்ப்பை எப்படிப் பெறுவது?

கேள்வி: நான் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போஸ்டிங் தொடங்கி இரண்டு மாதமாகியும் பெரும்பாலும் சுவரோரம் நிற்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் டிராலி தள்ளச் சொல்கிறார்கள். ஒரே ஒருமுறை ஸ்க்ரப் ஆனேன், அதாவது கை கழுவி, கவுனும் க்ளவுஸும் போட்டு, டேபிளருகே நின்று சர்ஜனுக்குக் கருவி கொடுக்கும் வேலை. பதற்றத்தில் கேட்ட கருவியை எடுத்துக் கொடுக்க முடியவில்லை, சிஸ்டர் திட்டிவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. ஒருநாள் நிற்கும்போதே தலைசுற்றல் வந்தது. இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்குள் தேறிவிட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கான வேலை பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கும் நேரத்துக்கு வெளியே இருக்கிறது.

அந்த சிஸ்டரின் இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டேபிளில் ரத்தம் ஒற்றியெடுக்கும் துணியான மாப் ஒன்று குறைந்தாலும், ஸ்டெரைல் இல்லாத, அதாவது கிருமி நீக்கப்படாத கருவி சர்ஜன் கைக்குப் போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மாணவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவருக்கு இரண்டு உறுதி வேண்டும். இந்த கேஸில் அடுத்தது என்ன என்று இவளுக்குத் தெரியும். தப்பு நடந்தால் மறைக்க மாட்டாள். இந்த இரண்டும் தெரிந்தால் அவரே கூப்பிடுவார். வேகம் பிறகு வரும்.

மறுநாள் ஆபரேஷன் லிஸ்ட் முந்தைய நாள் மாலையிலேயே கையில் கிடைத்துவிடும். அதில் ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். இன்குவினல் ஹெர்னியா மெஷ் ரிப்பேர் (தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்தை வலை வைத்துச் சரிசெய்வது) என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் ஒரு பக்கம் படிகள், எதிர்ப்பக்கம் அந்தந்தப் படிக்குச் சர்ஜன் கை கேட்கப்போகும் பொருள். தோலைக் கீறும்போது பிளேடு, உடனே ரத்தம் நிறுத்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், மின்சூட்டால் ரத்தம் நிறுத்தும் காட்டரி. காயத்தை விரித்துப் பிடிக்க லேங்கன்பெக் ரிட்ராக்டர். எக்ஸ்டர்னல் ஆப்லிக் என்ற வயிற்றுத் தசைப் படலத்தைத் திறக்கும்போது மெட்சன்பாம் கத்தரி. விந்து நாளம் அடங்கிய கார்டைச் சுற்றித் தூக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் கதீட்டரோ டேப்போ. அப்புறம் மெஷ், அதைத் தைத்து நிறுத்த புரோலீன் நூல். கடைசியில் மூடுவதற்கான தையல்கள். உங்கள் சர்ஜனின் வழக்கம் சில இடங்களில் வேறாக இருக்கும்; அதை சிஸ்டரிடம் கேட்டு நோட்டிலேயே திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே உங்களைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்லிவிடும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அனுபவமுள்ள சர்ஜன்கள் பல நேரம் பெயரே சொல்ல மாட்டார்கள், கையை மட்டும் நீட்டுவார்கள். கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார். ஆபரேஷனின் போக்கு தெரிந்தவர் கை நீளும் முன்பே எடுத்து வைத்திருப்பார். அன்று நீங்கள் தடுமாறியதும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

கை பழக ஏற்ற இடம் கருவிகளைக் கிருமி நீக்கிப் பேக் செய்யும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி. மாலையில் செட் பேக் செய்யும் நேரத்தில் அனுமதி கேட்டு அங்கே உட்காருங்கள். திசுவைப் பிடிக்கும் கருவிகளான ஆலிஸையும் பாப்காக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆலிஸ் நுனியில் பல் உண்டு, அழுத்திப் பிடிக்கும். பாப்காக்கில் பல் இல்லை, குடல், அப்பெண்டிக்ஸ் போன்ற மெல்லிய உறுப்பைக் காயப்படுத்தாமல் பிடிக்க அது. கத்தியில் மூன்றாம் எண் ஹேண்டிலில் 10, 11, 15 பிளேடுகள், நான்காம் எண் ஹேண்டிலில் 20 முதல் 24 வரை. காலாவதியான தையல் பாக்கெட் கிடைத்தால் ஊசி லோட் செய்து பழகுங்கள். நீடில் ஹோல்டரின் நுனியால், நூல் பக்கத்திலிருந்து ஊசியின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடிக்க வேண்டும். கருவியைக் கொடுக்கும்போது கைப்பிடி சர்ஜனின் உள்ளங்கையில் உறுதியாகப் பதிய வேண்டும், அவர் காயத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கத்தியையும் ஊசியையும் மட்டும் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் கிட்னி ட்ரேயில் வைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது ஸ்டெரைல் விஷயம். கவுனில் முன்பக்கம், மார்பிலிருந்து டேபிள் மட்டம் வரைதான் ஸ்டெரைல். கைப்பகுதியில் முழங்கைக்குச் சற்று மேல் வரை. முதுகுப்பக்கம் எப்போதும் ஸ்டெரைல் கிடையாது. டேபிள் விளிம்புக்குக் கீழே தொங்கும் துணியும் அப்படித்தான். ஸ்க்ரப் ஆகாமல் நிற்கும்போது ஸ்டெரைல் டிராலியிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி நில்லுங்கள். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். படிப்பில் வராத ஒன்று, பட்டுவிட்டது என்ற சந்தேகம் வந்த அந்த நொடியே “சிஸ்டர், க்ளவுஸ் பட்டுடுச்சு” என்று சொல்வது. க்ளவுஸ் மாற்ற ஒரு நிமிடம். சொல்லாமல் விட்டால் தியேட்டரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. சில நாள் கழித்து வார்டில் அந்த நோயாளியின் தையலில் சீழ் வைக்கலாம். மெஷ்ஷோ செயற்கை மூட்டோ வைத்த கேஸ் என்றால் அதையே எடுக்க வேண்டி வரலாம். வேகமான மாணவியைவிட, திட்டு விழும் என்று தெரிந்தும் வாய் திறந்து சொல்லும் மாணவியைத்தான் நான் என் டேபிளில் விரும்புவேன்.

மாப், ஊசி, கருவிகளை எண்ணிச் சரிபார்க்கும் கவுண்ட்டும் அப்படித்தான். ஆரம்பிக்கும் முன், வயிற்றைப் போன்ற குழியை மூடும் முன், தோல் தைக்கும்போது, நடுவில் ஸ்க்ரப் ஆள் மாறினால் அப்போதும். சிசேரியனில் கர்ப்பப்பையை மூடும் முன் கூடுதலாக ஒருமுறை. மாப்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்க்ரப் ஆனவரும், ஸ்க்ரப் ஆகாமல் வெளியே நின்று பொருள் எடுத்துத் தரும் சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். ரத்தத்தில் ஊறிய மாப் வயிற்றுக்குள் திசுவோடு திசுவாகத் தெரியும். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்திருப்பதே இதற்காகத்தான். எண்ணிக்கை இடித்தால் சர்ஜன் அவசரப்படுத்தினாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சுவரோரம் நிற்கும் நேரத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் மொத்தம் 19 அம்சங்கள். அதை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. அந்தப் பட்டியலின்படி, தோலைக் கீறும் முன் எல்லோரும் நின்று சரிபார்க்கும் டைம் அவுட் நேரத்தில் குழுவினர் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்போது நீங்களும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இனி கேட்கும் முறை. அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னாலஜி மாணவர்கள் குறைந்தது 120 கேஸ் முடிக்க வேண்டும், 30 பொது அறுவை, 90 மற்ற துறைகள். ஒரு கேஸை முதன்மை ஸ்க்ரப் என்று எழுத ஐந்து வேலைகளையும் அவரே செய்திருக்க வேண்டும்: பொருள்களைச் சரிபார்ப்பது, ஸ்டெரைல் டிராலி அடுக்குவது, கவுண்ட், கருவி கொடுப்பது, ஸ்டெரைல் நிலையைக் காப்பது. ஒன்று குறைந்தாலும் அது இரண்டாம் ஸ்க்ரப்தான். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் லாக் புக்கிலும் இப்படியே பிரித்து எழுதுங்கள். “ஸ்க்ரப் ஆகட்டுமா” என்று மொத்தமாகக் கேட்டால் “இன்னிக்கு வேணாம்மா” என்ற பதில்தான் வரும். “நாளைக்கு ரெண்டாவது கேஸுக்கு டிராலி அடுக்கி, உங்களோட கவுண்ட் மட்டும் பண்ணட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டுப் பாருங்கள். இப்படித் துண்டாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

இவ்வளவுக்கும் பிறகு டிராலி தள்ளுவது மட்டுமே மிஞ்சினால் அது உங்கள் குறை இல்லை. தியேட்டர் தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் மாணவர்களை அனுப்பிவிட்டு, இலவச ஆள்பலமாக விட்டுவிடுவது பெரிய அநியாயம். பிரித்து எழுதிய லாக் புக்கோடு துறைத் தலைவரைப் பாருங்கள். அதில் முதன்மை ஸ்க்ரப் கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தலைசுற்றல் பலருக்கும் வருவதுதான். காலையில் சாப்பிடாமல் தியேட்டருக்குள் போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காமல் அவ்வப்போது கால் மாற்றுங்கள். கண் மங்கினால் உடனே சொல்லிவிட்டு டேபிளை விட்டுப் பின்வாங்கித் தரையில் உட்காருங்கள். அடிக்கடி வந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா? போட்டிருந்தால் ஆன்டிபாடி டைட்டர் (எதிர்ப்பு சக்தி எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், போடாவிட்டால் இந்த வாரமே தொடங்குங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.