எஸ்கியூலைட்டுக்கு நமது சொந்த நினைவக ஒதுக்கியைக் கொடுப்பது எப்படி?

திருகோணமலை கொட்பேயிலிருந்து கடலுக்குச் செல்லும் வள்ளங்களில் பொருத்தும் பதிவுக் கருவிக்காக நீங்கள் எழுதிய ஒதுக்கியை (நிரல் கேட்கும்போது நினைவகத்தைத் துண்டுகளாகத் தரும் பகுதியை) எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நூலகம் ஏற்காமல் பிழை எண் 21-ஐத் திருப்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண், அழைப்பு தவறான நேரத்தில் வந்தது என்பதையே குறிக்கிறது. தரவுத்தளத்தைத் திறக்கும் முதல் அழைப்பே நூலகத்தைத் தானாகத் தொடக்கிவிடுவதால், ஒதுக்கியை அமைக்கும் அழைப்பு அதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் தரவேண்டிய செயற்கூறுகள் ஏழு. ஒதுக்குதல், விடுவித்தல், அளவு மாற்றுதல், தொடக்கம், நிறுத்தம் ஆகியவை எளியவை. பலர் இடறுவது மற்ற இரண்டில்தான். ஒன்று, சுட்டியை, அதாவது துண்டின் முகவரியை, மட்டும் பெற்று அந்தத் துண்டின் அளவைச் சொல்ல வேண்டும். சி மொழியின் வழக்கமான ஒதுக்கும் செயற்கூறான மல்லொக் அதைச் சொல்லாது என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட் இடம் விட்டு, துண்டின் அளவை அங்கே எழுதி, அதற்கு அடுத்த முகவரியைத் திருப்புவதே நம்பகமான வழி. முகவரி 8-இன் மடங்காக அமைவதும் கட்டாயம். மற்றொன்று, கேட்ட அளவை, உங்கள் ஒதுக்கி உண்மையில் கொடுக்கும் அளவுக்கு உயர்த்திச் சொல்வது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: எஸ்கியூலைட் தன் நினைவகப் பயன்பாட்டைக் கணக்கிடும் புள்ளிவிவரத்தை நிறுத்திவிட்டால், அது இந்த அழைப்புகளைப் பூட்டிக் காப்பதையும் நிறுத்திவிடும், ஒரே நேரத்தில் பல இழைகள் (த்ரெட்) இயங்கினால் பூட்டு உங்கள் பொறுப்பு.

உங்கள் நோக்கம் நிலையான ஒரு நினைவகப் பகுதிக்குள் இயங்குவது மட்டுமே என்றால், சொந்தமாக எழுதுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். துண்டுகளை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்துத் தரும் ‘மெம்சிஸ்5’ என்ற ஒதுக்கி எஸ்கியூலைட் நூலகத்திலேயே உள்ளது. தொகுக்கும்போது அதைச் சேர்த்து, தொடக்கத்தில் உங்கள் பகுதியை ஒப்படைத்தால் போதும்.