பிரேக்பாயின்ட் நிற்காத வரி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சி மொழியில் எழுதிய என் நிரலில் மொத்தம், நீளம் இரண்டும் இன்ட் (முழு எண்) மாறிகள். 'மொத்தம் = நீளம் + 10' என்று கூட்டி, மொத்தம் நீளத்தைவிடச் சிறியதா என்று அடுத்த வரியில் சோதிக்கிறேன். சிறியதென்றால் எல்லை மீறிவிட்டது என்று பிழைச்செய்தி வர வேண்டும். கம்பைலர் நிரலை மேம்படுத்தாத ஓ0-வில் வருகிறது, வேகத்துக்காக மேம்படுத்தும் ஓ2-வில் வருவதில்லை. அந்த இஃப்-க்குள் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்தால் ஜிடிபி டிபக்கர் அதைக் கீழே வேறொரு வரியில் வைக்கிறது. மொத்தத்தின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ்டு அவுட்' (மேம்படுத்தலில் நீக்கப்பட்டது) என்கிறது. கம்பைலரில் கோளாறா? ஓ0-விலேயே வெளியிட்டுவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெளியிடாதீர்கள். கோளாறு உங்கள் சோதனையில்தான் இருக்கிறது; ஓ0 அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

இன்ட் போன்ற குறியுள்ள (எதிர்ம மதிப்பும் ஏற்கும்) முழு எண் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை சி தரநிலை வரையறுக்கவில்லை. ஆகவே அப்படி ஒன்று நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். நடக்காதென்றால், ஒரு எண்ணோடு பத்தைக் கூட்டி வருவது அந்த எண்ணைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. எனவே ஓ2-வில் இஃப் முழுவதும் நீக்கப்படுகிறது. பிரேக்பாயின்ட் வைக்க அங்கே ஓர் இயந்திரக் கட்டளைகூட இல்லாததால், கட்டளை இருக்கும் அடுத்த வரிக்கு ஜிடிபி போகிறது. ஜிடிபியில் 'டிஸ்அசெம்பிள் /எஸ்' கொடுத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிபக்கர் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டிய பிறகு சோதிப்பதை விட்டு, கூட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647. நீளம் 2147483637-ஐவிடப் பெரிதாக இருந்தால் கூட்டாதீர்கள். எண்ணை நேராக எழுதாமல் 'இன்ட்_மேக்ஸ்' மாறிலியிலிருந்து 10-ஐக் கழித்து எழுதுவது நல்லது. இந்தச் சோதனையில் எல்லை மீறலே இல்லை என்பதால் கம்பைலர் அதை நீக்காது.

எல்லை மீறினால் எண் மறுமுனைக்குச் சுற்றிவரும் என்று கம்பைலரை எடுத்துக்கொள்ளவைக்கும் '-எஃப்ராப்வி' கொடியைக் கொடுத்தால் பழைய சோதனையும் வேலை செய்யும். லினக்ஸ் கெர்னல்கூட இதே நோக்கத்துக்காக '-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஓவர்ஃப்ளோ' கொடுத்துத்தான் கம்பைல் ஆகிறது. ஆனால் உங்கள் கோப்பை நாளை வேறொருவர் அந்தக் கொடி இல்லாமல் கம்பைல் செய்தால் சோதனை மறுபடி சத்தமின்றிக் காணாமல் போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மாறிகளின் மதிப்பைப் பார்க்க ஜிசிசி கம்பைலரில் 4.8 முதல் இருக்கும், டிபக்கருக்கு ஏற்ற மேம்படுத்தல் நிலையான '-ஓஜி'யைப் பயன்படுத்துங்கள், டிபக்கருக்கான தகவலைச் சேர்க்கும் '-ஜி'யும் சேர்ந்திருக்கட்டும். ஆனால் இந்த வகைப் பிழைக்கு டிபக்கரைவிட '-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட்' நல்ல துணை. நிரல் ஓடும்போதே எந்த வரியில் எல்லை மீறியது என்று சொல்லிவிடும். உங்கள் நிரல் முழுவதையும் அதோடு ஒருமுறை ஓட்டுங்கள். இப்படிச் சோதிக்கும் பழக்கம் ஒரே இடத்தோடு நின்றிருக்காது.