வாசகர் கேள்வி – பதில்: மல்லாட்டைத் தோலில் செல்லுலேஸ்

கேள்வி: செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதி எடுக்க, கல்லூரி ப்ராஜெக்டுக்காக மல்லாட்டை (நிலக்கடலை) தோலை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, அதில் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையை வளர்த்தோம். பூஞ்சை சரியாகப் படரவில்லை. மூன்றாம் நாளே பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டன. எங்கே தப்பு?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தோலை மட்டும் போட்டது முதல் தப்பு. மல்லாட்டைத் தோலில் ஏறக்குறைய 30 சதவீதம் லிக்னின் என்ற கடினமான பொருள். டிரைக்கோடெர்மாவால் அதைச் சிதைக்க முடியாது. பூஞ்சைக்கு உணவான செல்லுலோஸ் நார் உள்ளே இருந்தும் அதற்கு எட்டாது. வைக்கோல் 7 கிராம், கோதுமைத் தவிடு 3 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து தவிட்டிலிருந்து கிடைக்கும். தோல் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் வைக்கோலில் 2 கிராமைக் குறைத்து அதைப் போடுங்கள், போதும்.

பிசுபிசுப்பும் புளிப்பும் பாக்டீரியாவின் வேலை. சோடாவைச் சரியாகக் கழுவாவிட்டால் காரத்தன்மை தங்கிவிடும். பூஞ்சைக்குப் பிடித்த பி.எச். 5 போய், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். 100 கிராம் வைக்கோலை ஒன்றிரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 2 சதவீத சோடாக் கரைசல் ஒரு லிட்டரில் ஓர் இரவு ஊறவையுங்கள். கையுறை கட்டாயம். பிறகு கழுவிய நீர் பி.எச். தாளில் 7 காட்டும்வரை அலசிக் காயவையுங்கள். மாவாக அரைக்க வேண்டாம்; கட்டிதட்டிக் காற்று புகாது.

ஈரம் 65 சதவீதம் போதும். 10 கிராமுக்குச் சத்துக் கரைசல் 16 மி.லி.; ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்து ஆறியபின், மி.லி.க்கு ஒரு கோடி பூஞ்சை வித்துகள் உள்ள கரைசல் 2 மி.லி. ஆட்டோகிளேவில் வைக்குமுன் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் மறுபடி பிசுபிசுப்புதான். சத்துக் கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே நல்லது. பாலாற்றுக் கரையில் தோல் பதனிடும் ஷெட்டுகள் உள்ள பக்கம் கிணற்று நீரில் உப்பு அதிகம்.

இன்னொன்றை நம்மூரில் பலர் மறக்கிறார்கள். பூஞ்சைக்கு 28–30 டிகிரி வேண்டும். சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. கத்திரி வெயிலில் அறையே 36 டிகிரி இருந்தால் உள்ளே 30 எப்படி வரும்? குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் வையுங்கள். பெரிய அளவில் செய்யக் குடுவையிலிருந்து அகலத் தட்டுக்கு மாறும்போது படுகை 2–3 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பூஞ்சை வளரும் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்துவிடும்.

நொதி பொதுவாக ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடும். தினமும் ஒரு குடுவையை எடுத்து, கிராமுக்கு 10 மி.லி. சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்; 0.05 மோலார், பி.எச். 4.8) ஊற்றி அரைமணி குலுக்கி, மல் துணியில் பிழிந்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து தெளிவை எடுங்கள்.

கேள்வி: பஃபரில் எடுத்த சாறை, நொதி சிதைக்க வேண்டிய ஃபில்டர் தாள் சேர்க்காமல், சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டி.என்.எஸ். சோதனை செய்தாலும் நிறம் வருகிறதே?
– வாசகர், காட்பாடி

பதில்: தவிட்டிலிருந்து வந்த சர்க்கரை அது. தாள் இல்லாமல் சாறும் பஃபரும் மட்டும் உள்ள குழாயையும் அதே 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள். கழிக்காத எண்ணிக்கையை நொதி என்று எழுதக் கூடாது. 50 மி.கி. வாட்மேன் 1 ஃபில்டர் தாளிலிருந்து சரியாக 2 மி.கி. குளுக்கோஸ் தரும் அளவுக்குச் சாற்றை எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று பாருங்கள், 0.37ஐ அந்த நீர்ப்பின் செறிவால் (பத்தில் ஒரு பங்கு சாறு என்றால் 0.1) வகுத்தால் மி.லி.க்கு எத்தனை யூனிட் என்று கிடைக்கும்.

கேள்வி: உரக்கடை டிரைக்கோடெர்மா விரிடி பொடியைப் போடலாமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: நேரடியாக வேண்டாம். அது டால்க்கில் கலந்த, நோய் தடுக்கத் தேர்ந்தெடுத்த வகை. வேறு கிருமிகளும் உடன் வரும். சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் தூய வளர்ப்பு வாங்கலாம். பொடிதான் கையில் இருக்கிறது என்றால் பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு–டெக்ஸ்ட்ரோஸ் அகார்) தட்டில் கோடிழுத்துத் தனிப்படுத்துங்கள். பிறகு சி.எம்.சி. (கரையும் செல்லுலோஸ் வகை) தட்டில் வளர்த்து, 0.1 சதவீத காங்கோ ரெட் சாயம் ஊற்றி 15 நிமிடம் கழித்து உப்புநீரில் அலசுங்கள். சிவப்புக்கு நடுவே வெளிறிய வளையம் அகலமாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய மல்லாட்டைத் தோலில் தானாக வரும் மஞ்சள்பச்சைப் பூஞ்சையை மட்டும் தொடாதீர்கள். அது அஃப்லாடாக்சின் நஞ்சு தரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம். அந்த மூட்டையை முகக்கவசம் இல்லாமல் பிரிக்கவே கூடாது.